விரல் நுனிக்கு வரும் பதில்

பிரிஞ்சாங் நகரிலிருந்து பிரிஞ்சாங் மலையுச்சியை நோக்கி ஏறும் குறுகிய சாலையில் சிறிது தொலைவு சென்றால் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்குப் பிரியும் வழி வரும். 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. கேமரன் மலையின் காடுகளை வெட்டித் திருத்தித் தேயிலை பயிரிட்ட தொழிலாளர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் பலர். அவர்களின் கைகள் கற்றுக்கொண்ட வேலை கொழுந்து பறித்தல்.

கொழுந்து பறிப்பது பார்ப்பதற்கு எளிய வேலை. இளந்தளிரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒடிக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த நுனிதான் நல்ல கொழுந்து. தண்டு இளசாக இருந்தால் சிறு அழுத்தத்திலேயே 'பட்'டென்று ஒடிந்துவிடும். முற்றிய தண்டோ எளிதில் ஒடியாது. வளையும், நார் இழுக்கும். அந்த வேறுபாடு முதலில் விரலுக்குத்தான் தெரியும். ஒடிந்த கணத்தில் விரல் அதை உணர்ந்துவிடுவதால், ஒடிந்ததா இல்லையா என்று கண் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கொழுந்தை விரல் ஒடித்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த கொழுந்தைத் தேடிப் போய்விடும். இரண்டு கைகளும் மாறி மாறி இயங்க, கூடை நிரம்புகிறது. கொழுந்து பறிப்பதில் தேர்ந்தவரின் வேகத்திற்குக் கைப்பழக்கம் மட்டும் காரணமன்று. ஒவ்வோர் ஒடிப்புக்கும் விரலுக்கு ஒரு பதில் கிடைப்பதும் காரணமாகும்.

கணினியின் விசைப்பலகையில் நடப்பதும் இதுவே. விசையை அழுத்தும்போது விரல் ஒரு சிறிய தடையை உணர்கிறது. அழுத்தம் கூடியதும் அந்தத் தடை திடீரென விலகுகிறது. விசை கீழே இறங்குகிறது. எழுத்து பதிந்துவிட்டது என்ற செய்தி திரையைப் பார்ப்பதற்கு முன்பே விரலுக்கு வந்துவிடுகிறது. இதனைத் தொடுவுணர்வுப் பதில் என்பர். ஒரு செயலைச் செய்த விரலுக்கே அச்செயல் முடிந்தது என்று தெரிவிக்கும் செய்தி அது. அச்செய்தி இல்லாவிட்டால் சரிபார்க்கும் வேலை முழுவதும் கண்ணின் மேல் விழும்.

மனிதக் கையில் இந்தச் செய்தியைப் பெறுவதற்கென்றே நுண்ணிய உணர்விகள் உள்ளன. ஓர் உள்ளங்கையிலும் அதன் விரல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 17,000 தொடுவுணர்விகள் இருப்பதாகச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1970களில் கணக்கிட்டனர். அவை விரல் நுனியில்தான் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. எல்லா உணர்விகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மெர்க்கல் எனப்படுபவை பொருளின் விளிம்பையும் நிலையான அழுத்தத்தையும் உணர்கின்றன. மெய்ஸ்னர் எனப்படுபவை மென்மையான தொடுகையையும் வழுக்கலையும் கண்டறிகின்றன. தோலின் ஆழத்தில் இருக்கும் பசினியன் உணர்விகள் அதிர்வுக்குப் பதிலளிக்கின்றன. ஒரு விசையின் விளிம்பைத் தொட்டு, அதை அழுத்தி, அது அடியில் போய் முட்டும் வரை நிகழ்வது ஒரு விநாடியில் சிறு பகுதிதான். அதற்குள் இம்மூவகை உணர்விகளும் தத்தம் பங்குக்குச் செய்தி அனுப்பிவிடுகின்றன.

இவ்வுணர்வு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்துள்ளனர். பழகிய தட்டச்சர்களின் விரல் நுனியை மருந்தால் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்து, அவர்களைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். விரல்களை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருப்பதால் விரல்கள் வழக்கம்போலவே அசைந்தன. ஆனால், மரத்துப்போன விரல் செய்த பிழைகள் கூடின. விரல் விசையின் நடுவில் விழாமல் ஓரத்திலும் பக்கத்து விசையிலும் விழுந்தது. பிரிஞ்சாங் மக்களுக்கு இதை விளக்க மருந்து தேவையில்லை. அதிகாலையில் வெப்பநிலை 15 பாகை செல்சியசை ஒட்டி இறங்கும்போது, பனி நனைத்த இலைகளுக்குள் கைவிட்டவரின் விரல்கள் விறைத்துப்போகும். குளிர்ந்த தோலின் உணர்திறன் குறையும். பிடித்தது எது, ஒடிந்தது எது என்பது மங்கும். அதே குளிரில் கணினியின் முன் அமரும் மாணவனும் முதல் சில வரிகளில் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தடுமாறுவான்.

விசைக்குள் இந்தத் தடையும் விலகலும் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றன? பள்ளிக் கணினிக் கூடங்களில் காணப்படும் மலிவான விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு சிறிய ரப்பர்க் குமிழ் இருக்கும். அழுத்தும்போது அது முதலில் எதிர்த்து நிற்கும். ஒரு கட்டத்தில் திடீரென உட்குழிந்து சரியும். சரிந்த பின்னரே அடியிலுள்ள மின்னிணைப்பு தொடும். ரப்பர் பழையதாகும்போது அந்தச் சரிவு மழுங்கிவிடும். பல ஆண்டுகள் உழைத்த விசைப்பலகை சேற்றில் விரலை அழுத்துவது போன்ற உணர்வைத் தருவது இதனால்தான்.

இயந்திர விசை எனப்படும் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுருள்வில் உண்டு. அவ்விசைகள் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் ஆழம் இறங்கக்கூடியவை; ஏறத்தாழப் பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடும். அந்த இடத்தை விரலுக்குக் காட்டுவதற்காக விசையின் தண்டில் ஒரு சிறு மேடு வைக்கப்படுவதுண்டு. மேட்டைக் கடந்ததும் விரல் அழுத்துவதை நிறுத்திக்கொள்ளலாம். அடிவரை ஓங்கிக் குத்த வேண்டியதில்லை. மேடே இல்லாத, வழவழவென்று இறங்கும் விசைகளும் விற்பனையில் உள்ளன. கணினி விளையாட்டில் ஈடுபடுவோர் சிலர் அவற்றையே விரும்புகின்றனர். ஐபிஎம் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மாடல் எம்' விசைப்பலகையில் வேறொரு வழி கையாளப்பட்டது. அதன் சுருள்வில் அழுத்தம் தாங்காமல் சட்டென்று பக்கவாட்டில் வளையும். அந்தக் கணத்தில் 'டிக்' என்ற ஒலியும் எழும். எழுத்தும் அதே கணத்தில் பதியும். விரலும் காதும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் பெறும். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பலகையைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். அது எழுப்பும் சத்தத்தைப் பக்கத்து மேசையில் இருப்பவர் அதே அளவுக்கு விரும்புவார் என்று சொல்ல முடியாது.

கண்ணை விடுவித்தால் எவ்வளவு பயன் உண்டு என்பதை உலகம் 1888ஆம் ஆண்டிலேயே கண்டது. அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு தட்டச்சுப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் லூயி டிராப், தட்டச்சுப் பயிற்றுநர். மறுபக்கம் பிராங்க் மெக்குரின்; நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். டிராப் விசைகளைப் பார்த்துத் தட்டினார். மெக்குரின் விசைகளின் இடங்களை மனப்பாடம் செய்து, விரலின் உணர்வை நம்பி, பார்க்காமலே தட்டினார். ஒருவர் வாசிக்கக் கேட்டுத் தட்டுவது, தாளைப் பார்த்துத் தட்டுவது என்ற இரு பிரிவுகளிலும் மெக்குரினே வென்றார். குறிப்பாக, இரண்டாம் பிரிவில் டிராப்பின் கண் தாளுக்கும் விசைக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மெக்குரினின் கண் தாளை விட்டு அகலவில்லை. பார்க்காமல் தட்டும் முறை பரவுவதற்கு அப்போட்டி பெரிதும் உதவியது.

ஆங்கிலத்திற்கு 26 எழுத்துகள்தாம். 247 எழுத்துகள் கொண்ட தமிழை ஒரு பலகைக்குள் அடக்குவது அதனினும் கடினமான வேலை. அதைச் செய்து காட்டியவர் இரா. முத்தையா. 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த அவர், 1907ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் பணியாற்றினார். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைக் கையாண்ட பழக்கம் தமிழுக்கும் அத்தகைய பொறி வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குத் தந்தது. அவருடைய அமைப்பைக் கொண்ட தமிழ்ப் பொறிகள் ஜெர்மனியில் தயாராயின.

முத்தையாவின் அமைப்பில் கவனிக்கத்தக்கது 'நகரா விசை'. தட்டச்சுப் பொறியில் ஓர் எழுத்தைத் தட்டினால், தாளைத் தாங்கும் உருளை ஓர் எழுத்தின் அகலத்திற்கு இடப்பக்கம் நகரும். ஆனால், புள்ளியைத் தட்டினால் உருளை நகரக்கூடாது. நகர்ந்தால் புள்ளி ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் விழும். எனவே, புள்ளிக்கு உருளையை நகர்த்தாத விசை அமைந்தது. 'அம்மா' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் அகரம், பிறகு புள்ளி, அதன் பிறகே மகரம். புள்ளி விழுந்த அதே இடத்தில் மகரம் வந்து அமர்ந்து 'ம்' ஆகும். அதனைத் தொடர்ந்து மீண்டும் ஒரு மகரமும் கால் குறியும் வரும்.

இங்கேதான் விரலுக்கும் காதுக்கும் கிடைக்கும் பதில் உதவுகிறது. நகரும் விசையைத் தட்டினால் எழுத்துக் கம்பி தாளில் மோதும் அதிர்வோடு உருளை ஒரு படி நகரும் உதறலும் கையில் தெரியும். நகரா விசையில் மோதல் மட்டும் தெரியும், உதறல் இராது. பழகிய தமிழ்த் தட்டச்சர் அந்த வேறுபாட்டைக் கொண்டே புள்ளி விழுந்துவிட்டது, இனி எழுத்து வர வேண்டும் என்று அறிவார். வரியின் முடிவு நெருங்கும்போது ஒரு சிறு மணியும் ஒலிக்கும். பொறி முழுவதும் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது எனலாம்.

கணினி வந்தபோது அந்த உருளையும் உதறலும் மறைந்தன. புள்ளியை வைக்கும் பொறுப்பை மென்பொருள் ஏற்றுக்கொண்டது. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' என்ற விசைப்பலகை அமைப்பு உருவானது. 12 உயிரெழுத்துகள், 18 மெய்களுக்கு உரிய விசைகள், ஓர் ஆய்தம் ஆகிய 31 விசைகளே தமிழ் எழுத்துகள் அனைத்திற்கும் போதும். உயிரெழுத்துகள் இடக்கையின் பக்கமும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையின் பக்கமும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே வரும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அப்படியே.

'கொழுந்து' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்99 அமைப்பில் அதற்குத் தட்ட வேண்டியவை க, ஒ, ழ, உ, ந, த, உ என்னும் ஏழு விசைகள். முதலில் வலக்கை, அடுத்து இடக்கை, மீண்டும் வலக்கை, இடக்கை, பின்னர் வலக்கையில் இரண்டு, இறுதியில் இடக்கை. கொழுந்து பறிப்பவரின் இரு கைகளும் மாறி மாறிச் செடிக்குப் போவதைப் போலவே இந்தக் கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. ஒரு கை ஒரு விசையை அழுத்தும்போதே மறுகை அடுத்த விசைக்கு மேலே போய் நிற்கும். அழுத்திய விரலுக்குப் பதில் கிடைக்கும்வரைதான் அந்த மாறாட்டம் தடையின்றி ஓடும்.

மலேசிய மாணவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்நாட்டுக் கடைகளில் விற்கப்படும் விசைப்பலகைகளில் பொதுவாக உரோமன் எழுத்துகளே அச்சிடப்பட்டிருக்கும். தமிழ்99 முறையில் தட்ட விரும்பும் மாணவன் குனிந்து பார்த்தாலும் தமிழ் எழுத்து கண்ணில் படாது. ஆகவே, உரோமன் எழுத்தின் ஒலியைக் கொண்டு தட்டும் முறையைப் பலர் நாடுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால், எழுத்துகள் அச்சிடப்படாத பலகை ஒரு வகையில் நல்ல ஆசிரியன். பார்த்துப் பயனில்லை என்றால் விரல் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

விரலுக்கு வழிகாட்ட அப்பலகையிலேயே இரண்டு அடையாளங்கள் உள்ளன. எஃப், ஜே ஆகிய இரு விசைகளின் மேற்பரப்பில் சிறு கோடு போன்ற மேடு இருக்கும். பலர் ஆண்டுக்கணக்காகக் கணினியைப் பயன்படுத்தியும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவை இரு ஆள்காட்டி விரல்களும் திரும்பி வந்து அமரும் இடங்கள். தமிழ்99 அமைப்பில் அவற்றுள் ஒன்று ஆய்தம், மற்றொன்று பகரம். பகரத்தின் மேல் வலது ஆள்காட்டி விரல் அமர்ந்துவிட்டால், இடப்பக்கம் ககரம். வலப்பக்கம் வரிசையாக மகரம், தகரம், நகரம். அடிக்கடி வரும் மெய்கள் விரல்களுக்கு அடியிலேயே காத்திருக்கும். தமிழ்99 அமைப்பாளர்கள் இந்த நடு வரிசையில் மிகுதியாகப் பயன்படும் எழுத்துகளை வைத்தது இதற்காகத்தான்.

விரலின் தேவையைப் பொருட்படுத்தாத விசைப்பலகைகளும் வந்தன. 1981ஆம் ஆண்டில் பிரிட்டனில் சிங்கிளேர் நிறுவனம் வெளியிட்ட 'செட் எக்ஸ் 81' என்ற மலிவுக் கணினியின் விசைகள் தட்டையான தாளில் அச்சிட்ட கட்டங்களைப் போன்றவை. விலை குறைந்தது, ஆனால், கண்ணை எடுக்காமல் ஒவ்வோர் எழுத்தாகக் குத்த வேண்டியிருந்தது. ஐபிஎம் நிறுவனமே 1984ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிசி ஜூனியர்' கணினியில் மிட்டாய்த் துண்டுகளைப் போன்ற சிறிய ரப்பர் விசைகளை வைத்தது. அவற்றில் விரைவாகத் தட்ட முடியவில்லை என்று வாங்கியோர் குறைகூறினர். நிறுவனம் அதே ஆண்டில் வேறு விசைப்பலகையை இலவசமாகக் கொடுக்க நேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டே அக்கணினியின் தயாரிப்பு நின்றுபோனது.

அவ்வளவு குறைகூறப்பட்ட தட்டைப் பலகையையே இன்று ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்திருக்கின்றனர். திறன்பேசியின் தொடுதிரையில் விசை என்பது கண்ணாடிக்கு அடியில் தெரியும் படம் மட்டுமே. அதற்கு விளிம்பு இல்லை, மேடு இல்லை, இறக்கமும் இல்லை. தட்டும்போது பேசி சிறிது அதிர்வதுண்டு. அந்த அதிர்வு ஏதோ ஒன்று தட்டப்பட்டது என்று சொல்லும். எது தட்டப்பட்டது என்று சொல்லாது. லகரத்தைத் தட்டினாலும் பக்கத்திலிருக்கும் ரகரத்தைத் தட்டினாலும் அதிர்வு ஒன்றுதான். அதனால் கண் திரையை விட்டு அகல முடிவதில்லை. பிழை திருத்தும் மென்பொருளும் சொல்லை முன்கூட்டி ஊகிக்கும் வசதியும் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கின்றன. நீண்ட கட்டுரையைத் தொடுதிரையில் எழுதிய பிறகு கழுத்து வலிப்பதற்கு அவற்றிடம் மருந்தில்லை.

எனினும், தொடுதிரையைக் குறைகூறி நிறுத்திவிடுவது நேர்மையாகாது. கண்ணாடிப் பலகை ஒரு நொடியில் தமிழுக்கும் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் மாறிவிடும். அதன் மேல் தமிழ் எழுத்துகளைக் காட்டுவதற்குத் தொழிற்சாலையில் எதையும் அச்சிட வேண்டியதில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் கணினிக்கு 'முரசு அஞ்சல்' என்ற மென்பொருளை உருவாக்கியவர். அவருடைய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டில் வெளிவந்து, எண் விசைகள் மட்டுமே இருந்த கைப்பேசிகளிலேயே தமிழில் குறுஞ்செய்தி எழுத வழிசெய்தது; பின்னர்த் தொடுதிரைக்கும் வந்தது. கடையில் தமிழ் விசைப்பலகையைக் காணாத ஒரு தலைமுறை தமிழில் எழுதப் பழகியது பெரும்பாலும் இத்தகைய மென்பொருள்களால்தான்.

பார்வையற்றோருக்கோ இது வசதியைப் பற்றிய பேச்சன்று. கண்ணாடியின் மேல் விரலை ஓட்டினால் அவர்களுக்கு எதுவும் தட்டுப்படாது. விரல் தொடும் எழுத்தைப் பேசி உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்டு, உறுதிசெய்து, பிறகு தட்ட வேண்டும். அதற்கு மாறாக, எஃப், ஜே விசைகளின் மேட்டைத் தொட்டுவிட்ட பார்வையற்ற மாணவன் ஏனைய விசைகளை மற்றவரைப் போலவே விரைவாக எட்டிவிடுவான். வங்கிப் பணப்பொறிகளின் எண் பலகையில் 5 என்ற விசையின் மேல் ஒரு சிறு புள்ளி மேடாக இருப்பதும் இதே காரணத்திற்காகத்தான். நடுவில் இருப்பதைக் கண்டுகொண்டால் சுற்றியிருக்கும் எட்டு எண்களும் தெரிந்துவிடும்.

தேயிலைத் தோட்டத்திலும் விரலின் இடத்தை வேறு கருவிகள் பிடித்துவிட்டன. கேமரன் மலையில் இன்று கொழுந்தின் பெரும்பகுதியை அறுப்பவை, பெட்டி பொருத்திய கத்தரிகளும் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரங்களும் ஆகும். அவற்றை இயக்குவோரில் பலர் அயல்நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஒரு நாளில் விரல்கள் பறிப்பதைப் போலப் பல மடங்கு கொழுந்தை இயந்திரம் அறுத்துவிடுகிறது. ஆள் பற்றாக்குறை நிலவும் தொழிலுக்கு அது இன்றியமையாதது. ஆனால், கத்திக்கு இளந்தண்டும் முற்றிய காம்பும் ஒன்றே. செடியின் மேல்மட்டத்தில் எது இருந்தாலும் அது அறுத்துவிடும். விரல் அந்த இடத்திலேயே ஒதுக்கியிருக்கக்கூடிய காம்பைத் தொழிற்சாலையில் பிறகு பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக் கணினிக் கூடத்தில் நிலைமை அவ்வளவு முற்றிவிடவில்லை. பல மாணவர்களின் விரல்கள் பட்டுப்பட்டு எஃப், ஜே விசைகளின் மேடு தேய்ந்து வழவழப்பாகிவிட்ட பலகைகள் அங்கே இருக்கலாம். அதற்காகப் புதிய பலகை வாங்க வேண்டியதில்லை. குச்சி முனையில் ஒரு துளிப் பசையைத் தொட்டு அவ்விரு விசைகளின் மேல் வைத்து, இரவு முழுவதும் காயவிட்டால் போதும். மறுநாள் வந்து அமரும் மாணவனின் ஆள்காட்டி விரல், குனிந்து பார்க்காமலே பகரத்தைக் கண்டுகொள்ளும்.